நிர்வாகிகளுக்குத் தனி வழிகாட்டல்: பயன் யாரைச் சேர வேண்டும்?

பொருளாதார வளர்ச்சியைப் பற்றிப் பேசும்பொழுது மூலதனம், மூலப்பொருள், இயந்திரம், மின்சாரம், சந்தை ஆகியவற்றைப் பற்றியே நாம் பெரிதும் பேசுகிறோம். இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து உற்பத்தியாக மாற்றும் பொறுப்பு நிர்வாகிகளின் கையில் இருக்கிறது. ஒரே வகை இயந்திரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு தொழிலாளரும் கொண்ட இரு தொழிற்கூடங்களில் ஒன்று இலாபத்திலும் மற்றொன்று நட்டத்திலும் இயங்குவதை நாம் காண்கிறோம். இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. அவற்றுள் நிர்வாகத்தின் தரமும் ஒன்று என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆயினும் அத்தரத்தை உயர்த்துவது எப்படி, அதற்காகச் செலவிடும் பணம் யாருக்கு எவ்வளவு பயன் தரும் என்னும் வினாக்களுக்கு நம் நாட்டில் நெடுங்காலம் அனுபவத்தின் பேரிலேயே விடை கூறப்பட்டு வந்தது. அண்மைக் காலத்தில் தெளிவான ஆய்வு முடிவுகள் சில கிடைத்துள்ளன. அவற்றுள் முக்கியமான ஒன்று பெங்களூருவில் கிடைத்தது. ‘எக்ஸிக்யூட்டிவ் கோச்சிங்’ என்று தொழில் உலகில் வழங்கும் தனி வழிகாட்டல் முறையை இம்முடிவுகளின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொறியாளர் மேலாளராகும்பொழுது

பெங்களூரு நகரின் தொழில் வரலாறு இப்பொருளுக்கு ஏற்ற பின்னணியாக அமைகிறது. இன்றைய இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் முன்னோடி 1940 ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கப்பட்டது. 1948 இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்டிரீஸ், 1953 இல் எச்.எம்.டி., 1954 இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1964 இல் பாரத் எர்த் மூவர்ஸ் என்று பொதுத்துறை நிறுவனங்கள் அடுத்தடுத்து எழுந்தன. புனேயில் 1981 இல் தொடங்கப்பட்ட இன்ஃபோசிஸ் நிறுவனம் 1983 இல் இந்நகருக்கு இடம் பெயர்ந்தது. அதன் பின்னர் மென்பொருள் தொழில் வளர்ந்த வேகத்தை நாடே அறியும். இவற்றோடு ஆயத்த ஆடைத் தொழிலும் பெருகி, பல்லாயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை அளித்து வருகிறது.

இத்தொழில்கள் தம்முள் பெரிதும் வேறுபட்டவை. எனினும் எல்லாவற்றுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. தொழில்நுட்பத்தில் சிறந்தவரே பதவி உயர்வு பெறுகிறார். நன்றாகக் கடைசல் பிடிப்பவர் ஃபோர்மேன் ஆகிறார். நன்றாக மென்பொருள் எழுதுபவர் திட்ட மேலாளர் ஆகிறார். விரைவாகத் தைப்பவர் லைன் சூப்பர்வைசர் ஆகிறார். முன்பு இவர்கள் தம் கையால் வேலை செய்து பெயர் பெற்றவர்கள். இப்பொழுதோ பிறரைக்கொண்டு வேலையை நடத்த வேண்டும். வேலையைப் பகிர்ந்தளித்தல், குறையைப் புண்படுத்தாமல் எடுத்துரைத்தல், மேலிடத்துக்கு உண்மை நிலையைத் தெரிவித்தல், இரு தொழிலாளரிடையே எழும் பிணக்கைத் தீர்த்தல் ஆகியவற்றை எந்தப் பொறியியற் கல்லூரியும் முறையாகக் கற்பிப்பதில்லை. லாரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல் ஆகியோர் 1969 இல் வெளியிட்ட ‘பீட்டர் கோட்பாடு’ என்னும் நூல் இதனை நகைச்சுவையோடு எடுத்துக்காட்டியது. ஒருவர் தமக்குத் திறமை இல்லாத பதவியை எட்டும்வரை உயர்ந்துகொண்டே செல்கிறார் என்பது அதன் சாரம். நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும் இக்கூற்றில் உண்மை உண்டு என்பதை நம் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணியாற்றியோர் அறிவர்.

தனி வழிகாட்டல் என்பது என்ன?

‘கோச்சிங்’ என்றவுடன் தேர்வுக்குத் தயார் செய்யும் தனிப்பயிற்சி நிலையங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. அச்சொல்லின் வரலாறும் இதற்கு இடமளிக்கிறது. ஹங்கேரி நாட்டின் கோச் என்னும் சிற்றூரில் செய்யப்பட்ட வண்டியின் பெயரே ஆங்கிலத்தில் ‘கோச்’ ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவரைத் தேர்வு என்னும் பயணத்தில் ஏற்றிச் செல்லும் ஆசிரியரை இங்கிலாந்தின் பல்கலைக்கழக மாணவர்கள் வேடிக்கையாக இப்பெயரால் அழைத்தனர். பின்னர் விளையாட்டுத் துறையும், அதன் பின்னர் தொழில் துறையும் இச்சொல்லை எடுத்துக்கொண்டன.

தொழில் துறையில் இச்சொல் குறிப்பது, ஒரு நிர்வாகியும் பயிற்சி பெற்ற ஒரு வழிகாட்டுநரும் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட இலக்குகளுக்காக, ஒழுங்கான இடைவெளியில் நடத்தும் உரையாடலை ஆகும். இதனை வேறு மூன்று முறைகளிலிருந்து பிரித்தறிய வேண்டும். வகுப்பறைப் பயிற்சியில் எல்லோருக்கும் ஒரே பாடம் கற்பிக்கப்படுகிறது. இங்குப் பாடத்திட்டமே அந்த ஒருவருடைய பணியிலிருந்து பிறக்கிறது. ஆலோசகர் சிக்கலை ஆராய்ந்து தீர்வை எழுதிக் கொடுக்கிறார். வழிகாட்டுநரோ வினாக்கள் வாயிலாக நிர்வாகியே தீர்வைக் காணச் செய்கிறார். அனுபவம் மிக்க மூத்தவர் இளையவருக்குத் தம் அனுபவத்தைச் சொல்லித் தருவது மற்றொரு முறை. வழிகாட்டுநர் அந்தத் தொழிலில் மூத்தவராக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மனநோய்க்கான சிகிச்சையும் இதில் அடங்காது. அத்தகைய தேவை தென்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவதே வழிகாட்டுநரின் கடமையாகும்.

இம்முறையின் வேர்கள்

தொழிலிடத்தில் ஒருவர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்பதே பயன் தரும் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 1936 இல் தொழிலாளருக்கான ஆலோசனைத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. 1974 இல் திமோதி கால்வே டென்னிஸ் ஆட்டத்தைப் பற்றி எழுதிய நூல், ஆட்டக்காரரின் மனத்தடைகளை நீக்குவதே பயிற்றுநரின் முதற்பணி என்று வலியுறுத்தியது. இக்கருத்தை ஜான் விட்மோர் தொழில் நிர்வாகத்துக்குப் பயன்படுத்தி 1992 இல் நூல் வெளியிட்டார். இலக்கு, இன்றைய நிலை, திறந்திருக்கும் வழிகள், செய்வதற்கான உறுதி என்னும் நான்கு படிகளில் உரையாடலை நடத்தும் முறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய முயற்சி 1970களிலேயே நடைபெற்றது. லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்தின் பணி மதிப்பீட்டு முறையை ஆராயுமாறு உதய் பாரீக், டி.வி. ராவ் ஆகிய இரு பேராசிரியர்கள் 1974 இல் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மதிப்பீட்டைக் கோப்பில் எழுதி வைப்பதோடு நில்லாமல், மேலதிகாரி தம் கீழ்ப் பணிபுரிபவரோடு அமர்ந்து பேசி அவருடைய வளர்ச்சிக்கு வழிகாட்ட வேண்டும் என்று அவர்கள் பரிந்துரைத்தனர். இதன் விளைவாக மனிதவள மேம்பாட்டுக்கென அங்குத் தனித்துறை அமைந்தது. பெங்களூருவின் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனமும் இவ்வழியைத் தொடக்கத்திலேயே பின்பற்றிய நிறுவனங்களுள் ஒன்றாகும். இதே காலத்தில், 1973 இல், இந்திய மேலாண்மைக் கழகம் பெங்களூருவில் நிறுவப்பட்டது. பொதுத்துறைக்கு வேண்டிய நிர்வாகிகளை உருவாக்குவது அதன் தொடக்கக் கால நோக்கங்களுள் முதன்மையானதாக இருந்தது. பின்னர்த் தனியார் துறையும் இதில் முதலீடு செய்தது. இன்ஃபோசிஸ் நிறுவனம் 2001 இல் மைசூருவில் தலைமைப் பண்புக்கென ஒரு தனி நிறுவனத்தை அமைத்தமை இதற்குச் சான்றாகும்.

நடைமுறை எவ்வாறு அமைகிறது?

ஒழுங்காக நடத்தப்படும் வழிகாட்டலில் ஐந்து கட்டங்கள் உண்டு. முதலாவது, உடன்பாடு. நிறுவனம், நிர்வாகி, வழிகாட்டுநர் ஆகிய மூவரும் கூடி நோக்கம், காலம், கட்டணம், இரகசியக் காப்பு ஆகியவற்றை முடிவு செய்கின்றனர். இரண்டாவது, நிலையறிதல். நிர்வாகியின் மேலதிகாரி, சக அலுவலர், கீழ்ப் பணிபுரிவோர் ஆகியோரிடமிருந்து கருத்துகள் திரட்டப்படுகின்றன. மூன்றாவது, இலக்கு நிர்ணயம். இலக்குகள் இரண்டு அல்லது மூன்றுக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. நான்காவது, உரையாடலும் செயலும். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் நிர்வாகி ஏதேனும் ஒரு செயலை மேற்கொள்வதாக உறுதி கூறுகிறார். அடுத்த அமர்வில் அதன் விளைவு ஆராயப்படுகிறது. ஐந்தாவது, மதிப்பீடு. தொடக்கத்தில் வகுத்த இலக்கு எந்த அளவுக்கு எட்டப்பட்டது என்பது கணக்கிடப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் லைனில் ஒவ்வொரு மணிக்கும் டார்கெட் குறிக்கப்பட்டிருக்கிறது. டார்கெட் குறையும் மணியில் சூப்பர்வைசர் உரத்த குரலில் கண்டிக்கிறார். கண்டிப்புக்கு அஞ்சித் தொழிலாளர்கள் இயந்திரக் கோளாற்றையும் தையற் பிழையையும் உடனே சொல்லாமல் மறைக்கின்றனர். பிழை இறுதிச் சோதனையில் வெளிப்பட்டு, துணி திரும்பி வருகிறது. அடுத்த மணியின் டார்கெட்டும் குறைகிறது. ‘கத்தாதீர்கள்’ என்று இச்சூப்பர்வைசருக்கு அறிவுரை கூறுவதால் பயன் சிறிது. எந்த மணியில் எவ்வளவு குறைந்தது, அதற்கு முன் யார் எதைச் சொல்ல வந்தார், அவருக்குக் கிடைத்த பதில் என்ன என்னும் வினாக்களை அவரே ஆராயும்பொழுது, குறையை முதலில் சொல்பவருக்கு ஆதரவு கிடைத்தால் உற்பத்தி உயரும் என்பதை அவரே கண்டுகொள்கிறார். தாமே கண்ட உண்மையைக் கடைப்பிடிப்பது எளிது. வழிகாட்டலின் அடிப்படை இதுவே.

பயன்கள்: ஆய்வுகள் கூறுவது

தனிமனிதர் பெறும் பயன்களாகத் தன்னம்பிக்கை, தம் குறைகளைப் பற்றிய தெளிவு, நேரத்தை முறைப்படுத்தும் ஆற்றல், மன அழுத்தத்தைத் தாங்கும் திறன், பிறருடன் இணைந்து பணிபுரியும் பாங்கு ஆகியவை கூறப்படுகின்றன. நிறுவனங்கள் பெறும் பயன்களாகத் தேர்ந்த பணியாளர் வேலையை விட்டு விலகாமை, பூசல் குறைதல், முடிவெடுப்பதில் விரைவு, அடுத்த நிலைத் தலைவர்கள் உருவாதல் ஆகியவை எடுத்துரைக்கப்படுகின்றன. இவற்றுள் எவை உறுதிப்பட்டவை?

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகளை ஒருங்கே திரட்டி மதிப்பிட்ட இரு தொகுப்பாய்வுகள் 2014, 2016 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பணித்திறன், மனநலம், இலக்கை நோக்கி முயலும் ஆற்றல் ஆகியவற்றில் வழிகாட்டல் நற்பயன் விளைவிப்பதாக 2014 ஆம் ஆண்டின் ஆய்வு கண்டது. 2016 ஆம் ஆண்டின் ஆய்வு நம்மைப் போன்ற நாடுகளுக்கு முக்கியமான ஒரு செய்தியைத் தெரிவித்தது. வெளியிலிருந்து வரும் வழிகாட்டுநரைக் காட்டிலும் நிறுவனத்துக்குள்ளேயே பயிற்சி பெற்ற வழிகாட்டுநரால் விளைந்த பயன் அதிகமாக இருந்தது. அமர்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பயனும் கூடியதாகத் தெரியவில்லை. எனவே பெருங்கட்டணம் செலுத்தி வெளியாரை நீண்ட காலத்துக்கு அமர்த்தினால்தான் பயன் கிட்டும் என்னும் எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை எனலாம்.

நிர்வாக மேம்பாட்டின் பொருளாதார விளைவைப் பற்றி நம் நாட்டில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மும்பையை அடுத்த நெசவு நிறுவனங்களில் நிக்கோலஸ் புளூம் முதலிய பொருளியலறிஞர்கள் 2008 முதல் ஓர் ஆய்வு நடத்தினர். சில ஆலைகளுக்கு ஐந்து மாத காலம் நிர்வாக ஆலோசகர்களின் துணை இலவசமாக அளிக்கப்பட்டது. முதலாண்டிலேயே அவ்வாலைகளின் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது. இது முழுப்பொருளில் ஆலோசகர் பணியே ஆயினும், நிர்வாகியின் அருகிருந்து அன்றாடப் பழக்கத்தை மாற்றும் முயற்சியின் பயனை இது காட்டுகிறது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர்கள் அதே ஆலைகளுக்குச் சென்றபொழுது, கற்றுக்கொண்ட நடைமுறைகளுள் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தது. ஆயினும் உதவி பெற்ற ஆலைகள் மற்றவற்றைவிட முன்னணியிலேயே இருந்தன. மேலாளர் மாறியதும், உரிமையாளருக்கு நேரம் இல்லாமற் போனதும் நடைமுறைகள் கைவிடப்பட்டதற்குக் காரணங்களாகக் காணப்பட்டன. ஒருவரை மட்டும் பயிற்றுவித்துவிட்டு அமைப்பை மாற்றாமல் விட்டால், அவர் வெளியேறும்பொழுது பயனும் உடன் வெளியேறிவிடும் என்பது இதன் படிப்பினையாகும்.

பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளின் அனுபவம்

மேற்கூறிய ஆய்வுகள் ஆலை மேலாளர்களையும் உயர் அலுவலர்களையும் பற்றியவை. ஏணியின் அடிப்படியில் நிற்பவர்களுக்கு இத்தகைய திறன்களைக் கற்பித்தால் பயன் உண்டா? ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குப் பெங்களூருவில் உள்ள ஐந்து தொழிற்சாலைகளில், அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நியாதம் ஆகிய பொருளியலறிஞர்கள் நடத்திய ஆய்வு இவ்வினாவுக்கு விடையளித்தது. தையல் தொழிலில் ஈடுபட்ட பெண்களுக்குப் பேச்சுத்திறன், நேர ஒழுங்கு, சிக்கல் தீர்த்தல், நிதி நிர்வாகம் முதலியவற்றில் ஏறத்தாழ 80 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. விருப்பம் தெரிவித்தோருள் யாருக்குப் பயிற்சி என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டதால், பயிற்சி பெற்றோரையும் பெறாதோரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

பயிற்சி பெற்ற பெண்களின் உற்பத்தித்திறன் கணிசமாக உயர்ந்தது. அவர்கள் கூச்சம் நீங்கிப் பேசத் தலைப்பட்டனர்; புதிய தையல் வேலைகளைக் கற்றுக்கொள்ளவும் முன்வந்தனர். அவர்களோடு ஒரே லைனில் பணியாற்றிய, பயிற்சி பெறாத தொழிலாளரின் உற்பத்தியும் உயர்ந்தது. பயிற்சி முடிந்து ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே, செலவிட்ட தொகையைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட நிகர வருவாய் நிறுவனத்துக்குக் கிடைத்தது. கருவியோ இயந்திரமோ மாற்றப்படாமல், மனிதரின் தன்னம்பிக்கையும் பேச்சும் மாறியதாலேயே இப்பயன் விளைந்தது என்பது கருதத்தக்கது.

இவ்வாய்வின் மற்றொரு முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. உற்பத்தித்திறன் உயர்ந்த அளவுக்கு அப்பெண்களின் ஊதியம் உயரவில்லை. ஊதிய உயர்வு மிகச் சிறிய அளவிலேயே இருந்தது. பயனின் பெரும்பகுதி நிறுவனத்தைச் சேர்ந்தது.

பொருளியல் நோக்கில் இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். கேரி பெக்கர் 1964 இல் வெளியிட்ட ‘மனித மூலதனம்’ என்னும் நூலில், எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத்திறனுக்கு முதலாளி செலவிட மாட்டார் என்று வாதிட்டார். அத்திறனைப் பெற்றவர் அதிக ஊதியம் தருபவரிடம் சென்றுவிடுவார். பயன் முழுவதும் அவரையே சேரும். போட்டி நிறைந்த சந்தையில் இது பொருந்தும். நடைமுறையிலோ, பெற்ற திறனை அடுத்த முதலாளி எளிதில் அறிய இயலாது. வேலை மாறுவதும் தொழிலாளருக்கு எளிதன்று. ஆகவே பொதுத்திறனுக்குச் செலவிட்ட நிறுவனமும் பயன் பெறுகிறது. ‘பயிற்சி கொடுத்தால் ஓடிவிடுவார்கள்’ என்று தயங்கும் நிர்வாகங்களுக்குப் பெங்களூரு ஆய்வு தக்க விடையாகும். அதே வேளையில், பயனில் நியாயமான பங்கு உழைப்பவருக்குச் சேர வேண்டும் என்னும் கடமையையும் அது சுட்டிக்காட்டுகிறது. திறன் சான்றிதழ், பதவி உயர்வில் முன்னுரிமை, உற்பத்தி ஊக்கத்தொகை ஆகியவை இதற்கான வழிகளாகும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

வழிகாட்டலுக்கு ஒதுக்கப்படும் தொகை எப்பொழுதும் வரையறைக்கு உட்பட்டது. எனவே யாருக்கு முதலில் அளிப்பது என்பதே நிர்வாகத்தின் முன் நிற்கும் உண்மையான வினா. வழக்கமாக மேலதிகாரியின் பரிந்துரைப்படி ஆட்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இவ்வழக்கம் சரியானதா என்பதை, இந்தியாவின் பெரிய ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் லைன் சூப்பர்வைசர்களுக்கு அளிக்கப்பட்ட நிர்வாகத் திறன் பயிற்சியைக் கொண்டு ஓர் ஆய்வு சோதித்தது. இதன் முடிவுகள் 2023 இல் வெளிவந்தன. இடைநிலை மேலாளர்கள் தம் கீழுள்ள சூப்பர்வைசர்களை வரிசைப்படுத்திப் பரிந்துரைத்தனர். பின்னர்ப் பயிற்சி குலுக்கல் முறையில் அளிக்கப்பட்டது.

முடிவு பலரும் எதிர்பாராதது. மிகுதியாகப் பரிந்துரைக்கப்பட்ட சூப்பர்வைசர்களின் லைன்களில் உற்பத்தித்திறன் உயரவில்லை. குறைவாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களின் லைன்களில் அது 12 விழுக்காடு உயர்ந்தது. மேலாளர்கள் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார்கள் என்பதோ, அவர்களுக்கு ஆட்களைப் பற்றித் தெரியவில்லை என்பதோ இதற்குக் காரணம் அன்று. ஒரு சூப்பர்வைசர் வேலையை விட்டு விலகினால் அந்த லைனைத் தாங்கும் சுமை மேலாளரின் தலையில் விழுகிறது. ஆதலால் விலகிச் செல்லாமல் தடுக்க வேண்டியவர்களையே அவர்கள் முன்னிறுத்தினர். அந்நோக்கம் நிறைவேறவும் செய்தது. பயிற்சி பெற்றோர் வேலையை விட்டு விலகும் வாய்ப்பு, பெறாதோரைவிட 15 விழுக்காடு குறைந்திருந்தது. மேலாளருக்குத் தேவையானது ஒன்று, நிறுவனத்துக்குத் தேவையானது மற்றொன்று; தேர்வு முன்னதன்படி நடந்தது.

பதவி ஏணியின் உச்சியில் உள்ளவர்களுக்கும், அதிகாரிகளின் கண்ணில் பட்டவர்களுக்கும் மட்டுமே வழிகாட்டலை ஒதுக்கும் வழக்கத்தை இம்முடிவு மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகிறது. ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். ஒரு சூப்பர்வைசரின் கீழ் அறுபது பேர் பணிபுரிவதாகக் கொள்வோம். அவருடைய திறன் மேம்பட்டு, அந்த லைனின் உற்பத்தி ஐந்து விழுக்காடே உயர்ந்தாலும், அது மூன்று தொழிலாளரின் உழைப்புக்கு ஈடாகும். இப்பயன் ஒவ்வொரு நாளும் கிடைக்கிறது. தொழிலாளரைப் பொறுத்தவரையில், நிறுவனம் என்பது தலைமை அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நிர்வாக இயக்குநர் அல்லர். நாள்தோறும் தம் முன்னே நிற்கும் சூப்பர்வைசரே ஆவார். அவர் சொல்லும் ஒரு சொல்லே வேலைக்கு வருவதா, ஊருக்குத் திரும்புவதா என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்கிறது.

கவனத்திற்குரியவை

வழிகாட்டலின் நன்மைகளை எடுத்துரைக்கும்பொழுது அதன் எல்லைகளையும் கூறுதல் வேண்டும். முதலாவதாக, இரகசியக் காப்பு இன்றி இம்முறை செயற்பட முடியாது. அமர்வில் மனம் திறந்து கூறிய செய்தி ஆண்டு மதிப்பீட்டில் இடம்பெறும் என்னும் ஐயம் எழுந்தால், நிர்வாகி வாய் திறக்க மாட்டார். இலக்குகளையும் முன்னேற்றத்தையும் நிறுவனம் அறியலாம். உரையாடலின் உள்ளடக்கத்தை அறிதல் கூடாது.

இரண்டாவதாக, இதனைத் தண்டனையின் மறுவடிவமாகப் பயன்படுத்தலாகாது. வேலையை விட்டு நீக்க முடிவு செய்துவிட்ட ஒருவரைக் கோப்பு நிறைவுக்காக வழிகாட்டலுக்கு அனுப்பினால், மற்றவர்கள் அதனை அவமானமாகவே கருதுவர். மூன்றாவதாக, நம் நாட்டில் இத்தொழிலுக்குச் சட்டப்படியான உரிம முறை எதுவும் இல்லை. 1995 இல் அமெரிக்காவில் தோன்றிய பன்னாட்டுக் கூட்டமைப்பைப் போன்ற அமைப்புகள் தாமே வகுத்த தகுதிச் சான்றுகளை வழங்குகின்றன. எனவே வழிகாட்டுநரின் பயிற்சி, அனுபவம், ஒழுக்க நெறி ஆகியவற்றை நிறுவனமே சோதித்தறிதல் வேண்டும்.

நான்காவதாக, கொள்கைத் தவறுக்கு வழிகாட்டல் மருந்தாகாது. எச்.எம்.டி. நிறுவனம் 1961 இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து பெங்களூருவில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. நாட்டின் மணிக்கட்டுகளை ஒரு தலைமுறைக் காலம் அலங்கரித்த அக்கடிகாரங்களைச் செய்த நிறுவனத்தை மூட 2016 இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அங்குத் திறமையான பொறியாளர்கள் இல்லாமல் இல்லை. சந்தையும் தொழில்நுட்பமும் மாறிய காலத்தில் எடுக்க வேண்டிய முதலீட்டு முடிவுகளும் வேண்டிய தன்னாட்சியும் தனி மனிதரின் திறன் வளர்ச்சியால் மட்டும் கிடைத்துவிடுவதில்லை. இதனை நினைவிற் கொண்டால் வழிகாட்டலிடம் அளவுக்கு மீறி எதிர்பார்த்து ஏமாற மாட்டோம்.

அரசுத் துறையில்

அரசு நிர்வாகத்துக்கும் இக்கருத்துகள் பொருந்தும். 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ‘கர்மயோகி’ இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. விதிகளை மட்டும் அடிப்படையாகக் கொண்ட பணியாளர் நிர்வாகத்தை, ஒவ்வொரு பதவியின் பொறுப்பையும் அதற்கு வேண்டிய திறனையும் அடிப்படையாகக் கொண்டதாக மாற்றுவது இதன் நோக்கம். 2021 இல் திறன் வளர்ப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. கணினி வழியே பாடங்களைக் கற்பதற்கான மேடையும் உருவாக்கப்பட்டுள்ளது. பல இலட்சம் ஊழியரைச் சென்றடைய இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ஆயினும் திரையில் பாடம் கற்பதும், கற்றதை மேசையில் நடைமுறைப்படுத்துவதும் வேறு வேறு. வட்டார வளர்ச்சி அலுவலரோ, அஞ்சலக மேற்பார்வையாளரோ, வங்கிக் கிளை மேலாளரோ தாம் கற்றதைத் தம் அலுவலகத்தில் செயற்படுத்த முனையும்பொழுது எழும் ஐயங்களை யாரிடம் கேட்பது? ஒவ்வொரு துறையிலும் பணியில் உள்ள, பிறர் மதிக்கும் அலுவலர் சிலரைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டும் முறையில் பயிற்சி அளித்து, தம் நேரடி அதிகார எல்லைக்கு வெளியே உள்ள இளைய அலுவலருக்குத் துணையாக அமர்த்தலாம். நிறுவனத்துக்குள்ளிருந்து வரும் வழிகாட்டுநரே அதிகப் பயன் தருகிறார் என்னும் ஆய்வு முடிவும், அரசின் நிதி நிலையும் இவ்வழிக்கே ஆதரவாக உள்ளன. நேரடி மேலதிகாரியை இப்பணிக்கு அமர்த்தாதிருப்பது இரகசியக் காப்புக்குத் துணைபுரியும்.

முடிவுரை

நிர்வாகிகளுக்கான தனி வழிகாட்டல் பெரிய நிறுவனங்களின் மேல் மாடிக்கு உரிய ஆடம்பரம் என்று கருதப்பட்டு வந்தது. நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் வேறொரு செய்தியைக் கூறுகின்றன. மனிதரோடு பழகும் திறனையும் பொறுப்பேற்கும் துணிவையும் வளர்க்கும் முதலீடு, தொழிற்சாலைத் தளத்திலும் மிகுந்த பயன் தருகிறது. யாருக்குத் தேவை என்பதை மேலதிகாரியின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், அளந்தறியக்கூடிய பயனைக் கொண்டு முடிவு செய்தல் வேண்டும். விளைந்த பயனில் நிறுவனத்துக்கும் உழைப்பவருக்கும் உரிய பங்கைப் பிரித்தளித்தலும் வேண்டும்.

இளைஞர் தொகை மிகுந்த நம் நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பெரும் எண்ணிக்கையினர் முதன்முறையாக வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் சந்திக்கும் முதல் மேலாளர் எத்தகையவர் என்பது, அவர்கள் அத்தொழிலில் நிலைப்பதையும் உயர்வதையும் பெரிதும் தீர்மானிக்கும். நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தம் பயிற்சிச் செலவில் ஒரு பகுதியையேனும் இந்த முதல் நிலை மேலாளர்களுக்கென ஒதுக்கி, அதன் பயனை ஆண்டுதோறும் அளந்து பார்க்குமாயின், நாட்டின் உற்பத்தித்திறனும் உழைப்பவரின் நல்வாழ்வும் ஒருங்கே உயரும்.